கொடிக் கம்பிக்கு மேலே இன்னொரு கம்பி

"ஏனுங் தம்பி, மேல செல்போன் டவரு போடறீங்களாமா?"

கோவையின் சரவணம்பட்டியிலோ காளப்பட்டியிலோ அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியேறி, ஹாம் ரேடியோவுக்கு ஆன்டெனா கட்டலாம் என்று மொட்டை மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூன்றாம் முறை இறங்கும்போது சங்கச் செயலாளர் படிக்கட்டில் நின்று இப்படிக் கேட்பார். ஆன்டெனா வேலையில் வரும் முதல் தொழில்நுட்பக் கேள்வியே இதுதான். பதிலைத் தயார் செய்துகொண்டு பிறகு கம்பி வாங்கப் போங்கள்.

"டவரெல்லாம் இல்லீங்ண்ணா. துணி காயப்போடற கொடியாட்ட ஒத்தக் கம்பிதானுங்க. சர்க்கார் லைசென்ஸ் இருக்குதுங்க, கொண்டாந்து காட்டறேன்."

பகலில் ஐ.டி. அலுவலகத்திலோ பம்ப் கம்பெனியிலோ வேலை; தொலைத்தொடர்புத் துறையின் ஹாம் தேர்வை எழுதி அழைப்புக்குறி வாங்கியாயிற்று; வீடு மூன்றாம் மாடியில், சொந்தமாக ஒரு சாண் மண்கூட இல்லை; ஆனாலும் 40 மீட்டரிலும் 80 மீட்டரிலும் பேச வேண்டும். இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லோ பேண்ட் என்று ஹாம்கள் சொல்வது 160, 80, 40 மீட்டர் அலைவரிசைகளை. பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்துக்கொள்ளுங்கள். 7.1-க்கு 20 மீட்டர். 3.6-க்கு கிட்டத்தட்ட 40. 1.83-க்கு 78. மொட்டை மாடி 12 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால், மூலைக்கு மூலை இழுத்தாலும் 15 மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். 160-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தோட்டம் வாங்கிய பிறகு பார்க்கலாம்.

உயரம் போதவில்லையே என்று மட்டும் கவலைப்பட வேண்டாம். தாழ்வாகக் கட்டிய ஆன்டெனா தன் சக்தியைப் பெரும்பாலும் செங்குத்தாக வானத்துக்கு அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போலச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி இறங்கும். சேலம், திருச்சி, மதுரை, கொச்சி, பெங்களூரு, சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள் அடங்கும். நமக்கு இதில் ஓர் ஊர் அதிர்ஷ்டமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்துக்கு மேலாகத்தான் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே. அதனால் பகலில் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் அடர்த்தியாக இருக்கும், 7 மெகாஹெர்ட்ஸ் அலை தப்பிப் போகாமல் திரும்பி வரும். அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு, நூறடி உயரம் இல்லாமல் லோ பேண்டில் என்ன செய்வது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

மறைப்பது வேறு, உறுத்தாமல் வைப்பது வேறு

40 மீட்டர் அலைவரிசையில் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற அடுக்குமாடி ஆன்டெனா எது தெரியுமா? 1942 ஆகஸ்ட் 27 அன்று பம்பாயில் ஒலிக்கத் தொடங்கிய காங்கிரஸ் ரேடியோவினுடையது. அதை நடத்தியவர்களில் ஒருவரான உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது. உலகப் போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்களை எல்லாம் அரசு ரத்து செய்துவிட்டிருந்தது. ஹாம் அனுபவம் உள்ள நரிமன் பிரின்டர் டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக் கொடுத்தார். அலைநீளம் 42.34 மீட்டர், கணக்குப் போட்டால் 7.08 மெகாஹெர்ட்ஸ், இன்று நாம் காலையில் பேசும் அதே இடம்! போலீஸ் மோப்பம் பிடிக்காமலிருக்கக் குடியிருப்புக்குக் குடியிருப்பு மாறிக்கொண்டே ஒலிபரப்பினார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள்.

அவர்கள் ஒளித்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. உங்களுக்கு அந்தக் காரணம் இல்லை. கையில் உரிமம் இருக்கும்போது திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்தால், முதல் ஆடிக் காற்றில் அது அறுந்து கீழ்வீட்டுப் பால்கனியில் விழும் அன்று உங்கள் பக்கம் பேச ஓர் ஆள் இருக்கமாட்டார். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. செயலாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எத்தனை மீட்டர் கம்பி, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு, சுவரில் துளை போடப் போவதில்லை, வீடு காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவேன். அவ்வளவுதான். கூடவே உரிமத்தின் நகல். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள், சங்கத்திடம் அதற்குப் பிறகு. வரிசை மாறினால் இருவருக்கும் கோபம் வரும். உரிமத்தில் நிலையத்தின் முகவரி இருக்கும் என்பதால், வீடு மாறும்போது முகவரி மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

"இதனால என்னுங் பிரயோஜனம்?" என்று கேட்டால் சுனாமியைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் ஒலிபரப்புக்காகப் போயிருந்தது பாரதி பிரசாத்தின் குழு. 26-ம் தேதி சுனாமி அடித்து மற்ற தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து அவர்களுடைய ரேடியோதான் செய்தி அனுப்பியது. இந்தக் கதையைக் கேட்ட பிறகும் தலையாட்டாத செயலாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. கதிர்வீச்சு பயம் வந்தால், ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்துக்கு ஷார்ட்வேவில் உச்சவரம்பு 50 வாட் என்று சொல்லுங்கள். பழைய குண்டு பல்பு ஒன்றைவிடக் குறைவு. ஆனால் கம்பிக்குப் பக்கத்தில் ஆள் நடமாடாதபடி வைப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது வெறும் சமாதானமாக இருக்கக் கூடாது, செய்தும் காட்ட வேண்டும்.

எழுபது கிராம் செம்பு

ஆன்டெனா கம்பிக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருப்பது கோயம்புத்தூர்க்காரருக்கு அழகில்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே ஜி.டி. நாயுடு அறிவித்த ஊர் இது. தெருவுக்குத் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடை. எனாமல் பூசிய செம்புக் கம்பியைத் தராசில் நிறுத்துத் தருவார்கள். 22 கேஜ் கம்பி 20 மீட்டர், அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு முழு அரை அலை, எழுபது கிராம்தான் தேறும். தடிமன் 0.7 மில்லிமீட்டர். எனாமலின் பழுப்பு நிறம் மாலை வெயிலில் கண்ணுக்கே தெரியாது. 26 கேஜ் இன்னும் மறைவாக இருக்கும். ஆனால் நாலு கிலோ இழுவைக்கே அறுந்துவிடும், காக்கை உட்கார்ந்து எழுந்தால் போச்சு.

இதில் ஒரு சங்கதி. ரீவைண்டிங் கம்பி மிருதுவானது, இழுத்தால் நீளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதை ஆட்டு ஆட்டென்று ஆட்டும். நீளம் கூடக் கூட ஒத்ததிர்வு கீழே இறங்கும். ஜூனில் 7.1-ல் சரியாக நின்ற கம்பி ஆவணியில் 7.0-க்குக் கீழே போயிருக்கும். அதனால் நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றும் உறைபோட்ட வைண்டிங் கம்பியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள்ளேயே கிடப்பதற்காகச் செய்தது, மழைக்கு அசையாது. உறை இருப்பதால் நீளத்தில் இரண்டு மூன்று சதவீதம் குறைத்து வெட்ட வேண்டிவரும். வெட்டுவதற்கு முன் நுனியை மடக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கம்பி வளராது. இன்சுலேட்டருக்கு பி.வி.சி. குழாய்த் துண்டு, கட்டுவதற்கு நைலான் கயிறு. ஒரு முனையை விறைப்பாகக் கட்டாமல், கப்பி போட்டு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்க விட்டால் காற்றில் கம்பி தானே விட்டுக்கொடுக்கும்.

மாடி கிடைத்தால் எப்படிக் கட்டுவது? என் முதல் தேர்வு முனையிலிருந்து ஊட்டும் அரை அலைக் கம்பி. நடுவிலிருந்து கோஆக்ஸ் தொங்காது, அதனால் கண்ணில் படாது. மேல்நிலைத் தொட்டியில் ஒரு முனை, எதிர் மூலையில் ஒரு பி.வி.சி. குழாய், மிச்சம் உள்ள நாலைந்து மீட்டரை வளைத்துப் பக்கவாட்டில் விட்டுவிடலாம். கம்பி வளைந்தால் அலை கோபித்துக்கொள்ளாது. முனையில் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஃபெரைட் வளையத்தில் நீங்களே சுற்றலாம். ஆனால் அந்த முனையில் 50 வாட்டுக்கே 350 வோல்ட் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். துணிக்கொடியையே ஆன்டெனாவாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஈரத்துணியை எடுக்க வரும் அக்கா கையில் சுரீரென்று சுட்டால் உங்கள் ஹாம் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. கொடிக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், உங்கள் கம்பி தனியாகப் போகட்டும்.

இன்னொரு வழி, மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு வளையம். 12-க்கு 10 மாடியின் சுற்றளவு 44 மீட்டர், 7.1-க்கு முழு அலை வளையம் 43 மீட்டர். அளந்து கட்டினாற்போல இருக்கிறதா? காங்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகள் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் சுவரின் மேல் ஒட்டிப் படுக்க வைக்காமல் ஒன்றரை மீட்டராவது குச்சி நட்டுத் தூக்குங்கள். கீழே தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நல்ல மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

மாடி கிடைக்காதவர்கள், 80 மீட்டர் வேண்டியவர்கள் கட்டையான செங்குத்துக் கம்பிக்கு வருவார்கள். பெரும்பாலானோர் ஏமாறுவதும் இங்கேதான்.

ஐந்து மீட்டர் செங்குத்துக் கம்பி, அடியில் காயில், 3.6 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் கதிர்வீச்சு மின்தடை ஒன்றரை ஓம்கூட இல்லை. தரை இழப்பு 15 ஓம் என்றால், காயில் இழப்பைச் சேர்க்காமலே, போட்ட சக்தியில் ஒன்பது சதவீதம்தான் வெளியே போகும். 50 வாட் போட்டால் நாலரை வாட். மீதி எல்லாம் மண்ணுக்கு.

இப்போது அதே கம்பியின் உச்சியிலிருந்து இருபக்கமும் படுக்கையாகக் கம்பி இழுத்து டி வடிவம் ஆக்குங்கள். மேல் கம்பி போதிய நீளம் இருந்தால் கதிர்வீச்சு மின்தடை நான்கு மடங்கு வரை ஏறும். ஐந்தே முக்கால் ஓம். வெளியே போவது இப்போது பதிமூன்று வாட்டுக்கு மேல். உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை! பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவது அதே ஐந்து மீட்டர்தான்.

அடுத்தது கீழ்ப்பாதி. ஆன்டெனாவின் பாதி நம் கண்ணில் படுவதில்லை. திரும்பி வரும் மின்னோட்டத்துக்கு வழி வேண்டும். மீடியம் வேவ் நிலையங்கள் கோபுரத்தைச் சுற்றி நூற்றுக்கு மேல் செம்புக் கம்பி புதைப்பதற்கு 1937-ல் அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் செய்த சோதனைதான் அடிப்படை. உங்களுக்கு நூறு வேண்டாம். மாடித் தரையை விட்டுச் சற்று உயர்த்திக் கட்டிய நாலு ரேடியல் கம்பி போதும். ஃப்ளாட்டுக்குள் என்றால் சுவரோரம், கட்டிலுக்கு அடியில் என்று பத்து மீட்டர் கம்பி 40-க்கு, இருபது மீட்டர் 80-க்கு. பிளக் பாயின்டின் எர்த்தைப் பிடிக்காதீர்கள். அது உயிர்காக்க வைத்தது, அதில் ஆர்.எஃப். விட்டால் வீட்டில் உள்ள எல்லா ஒயரும் ஆன்டெனா ஆகிவிடும், மிக்சி போடும் சத்தமெல்லாம் உங்கள் ரேடியோவுக்குள் வரும். துருப்பிடித்த பால்கனி கிரில்லும் அப்படித்தான். துருப்பிடித்த இணைப்பு டயோடு போல நடந்துகொண்டு இல்லாத இரைச்சலை உண்டாக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தரை மோசமாக இருக்கும்போதுதான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அழகாக 1.1 காட்டும். இழப்பு மின்தடை எல்லாம் சேர்ந்து 50 ஓமுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. ரேடியல்களைச் சேர்க்கச் சேர்க்க மீட்டர் கெடும், ஆன்டெனா தேறும். கெட்ட மீட்டரைப் பார்த்துப் பயந்துபோய் ரேடியலைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன், மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. மின்தடையை நானோவிஎன்ஏவில் பாருங்கள். அதன்பின் ஒரு வாட், இரண்டு வாட்டில் விஸ்பர் முறையில் ஓர் இரவு முழுக்க அனுப்பிவிட்டு, எந்த ஊரில் எத்தனை டெசிபலில் கேட்டது என்று எழுதி வையுங்கள். ஆன்டெனாவைத் திருத்தியதும் மறுபடி அனுப்பி, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு மீட்டர் விட்டத்தில் செம்புக்குழாய் வளையம். ஏ.சி. மெக்கானிக்கிடம் குழாய் கிடைக்கும். 40 மீட்டரில் திறன் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், கொஞ்சம் அலைவரிசை நகர்ந்தாலும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும், கெபாசிட்டரில் 10 வாட்டுக்கே ஆயிரம் வோல்ட் தாண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள். குரலை விட்டு மோர்ஸ் அல்லது எஃப்.டி.8-க்குப் போனால் இந்தக் குட்டி வளையமும் நன்றாகவே உழைக்கும்.

இரைச்சல்தான் சம்பளம் தரும்

கோவையில் லோ பேண்ட் கேட்பவருக்குப் பெரிய எதிரி தூரம் அல்ல, இரைச்சல். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், மாடியில் சோலார், லிஃப்ட்டில் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ், தெருவெல்லாம் எல்.இ.டி. சோமனூர், பல்லடம் பக்கம் போனால் விசைத்தறி. முதல் சோதனை: ரேடியோவை பேட்டரியில் போட்டுக்கொண்டு வீட்டு மெயினை இறக்குங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றிக் கண்டுபிடியுங்கள். விழாவிட்டால் வெளியே, எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் நிற்கிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். சூரியனோடு வந்து சூரியனோடு போனால் சோலார். விட்டுவிட்டு வந்தால் லிஃப்ட். பெரும்பாலும் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றினாலே பாதிக்கு மேல் அடங்கும்.

வேலை தேடும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரட்டும். ஒரு தொழிற்கருவி மின்கம்பி வழியாக எவ்வளவு இரைச்சலைக் கக்கலாம் என்று சிஸ்பர் 11 தரம் வரையறுக்கிறது. அது அளக்கும் எல்லை 150 கிலோஹெர்ட்சிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் 80, 40 மீட்டர் பேண்டுகள் இரண்டும் அதற்குள்தான். மோட்டாரும் டிரைவும் கன்ட்ரோலரும் செய்யும் நிறுவனங்கள் சூழ்ந்த ஊரில், அந்தச் சோதனையில் தோற்ற பெட்டியைத் தேற்றித் தருகிறவருக்கு மதிப்பு உண்டு. காமன் மோட் மின்னோட்டம், சோக், எர்த் லூப் என்று பாடத்தில் படித்ததை நீங்கள் வீட்டில் காதால் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே ரெஸ்யூமில் 'பொழுதுபோக்கு: ஹாம் ரேடியோ' என்று கடைசி வரியில் தள்ளாதீர்கள். 'லிஃப்ட் டிரைவ் இரைச்சலை 3.6 மெகாஹெர்ட்சில் அளந்து, சோக் சேர்த்து, இத்தனை டெசிபல் குறைத்தேன்' என்று நீங்கள் அளந்த எண்ணோடு திட்டப்பணிகளில் எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் படங்களையும் நேர்முகத்துக்கு எடுத்துப் போங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டபோது ஆன்டெனா தேறிய கதையைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் ஆர்.எஃப். தெரிந்தவர் என்றால் அடுத்த பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேச்சு ஓடும். ஒன்று மட்டும்: அலுவலக வேலைக்கு ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தலாமே என்று மேலாளர் ஆசைப்பட்டால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். வணிகச் செய்திக்கு இதில் இடமில்லை.

கட்டும்போது மறக்கக் கூடாதவை இரண்டு. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ உங்கள் கம்பி எந்தக் காரணத்துக்காகவும் குறுக்கே போகக் கூடாது. அறுந்து ஆடினாலும் எட்டாத தூரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே கருக்கல் கட்டி இடி கேட்டால் கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள், பேச்சு பாதியில் இருந்தாலும்.

பொள்ளாச்சிப் பக்கம் யாருக்காவது தோப்பு இருந்தால் சிநேகம் பிடித்து வையுங்கள். வரிசை தவறாத தென்னை, அறுபதடி உயரம், ஆள் அரவமில்லாத தோட்டத்துச் சாளை, பக்கத்தில் இன்வெர்ட்டர் இரைச்சல் கிடையாது. முகவரிக்கு வெளியே நிலையம் இயக்க உரிமத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேசாவிட்டாலும் கேட்கலாமே. காய் போடும் அண்ணனிடம் சொன்னால் மரம் ஏறும்போதே நைலான் கயிற்றை மேலே கொண்டுபோய்க் கட்டிக் கொடுப்பார். போன முறை நாற்பது மீட்டர் கம்பியை இரண்டு மரத்துக்கு இடையில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏனுங், இதுல துணி காயப்போடோணும்னா எப்படிங் ஏறுவீங்க?"